இலைக்கருகலுக்கும் வாடலுக்கும் நானோ துகள்: ஓர் எளிய அறிமுகம்

தக்காளி போட்டவர்களுக்கு இந்த நோயைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செடியின் அடியில் இருக்கும் முதிர்ந்த இலையில் முதலில் ஒரு பழுப்புப் பொட்டு விழும். இலையைக் கிள்ளிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அந்தப் பொட்டுக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். பொட்டைச் சுற்றி இலை மஞ்சளாகியிருக்கும். இதுதான் ஆல்டர்நேரியா சொலானி என்ற பூஞ்சை உண்டாக்கும் இலைக்கருகல். மேகமூட்டமும் தூறலும் சில நாள் நீடித்தால் கீழிருந்து மேலே ஏறி, காயை வெயிலிலிருந்து மறைக்கக்கூட இலை இல்லாமல் செய்துவிடும்.

நாம் மான்கோசெப் அடிக்கிறோம், காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்கிறோம். அடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டால் மருந்தில் பெரும்பகுதி மண்ணுக்குப் போய்விடும். மழை விட்டதும் திரும்ப அடிக்கிறோம். கைக்காசும் போகிறது, மண்ணிலும் மருந்து சேர்கிறது. இந்த இடத்தில்தான் நானோ துகள்கள் உதவுமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் "இன்னும் வீரியமான விஷம் போல" என்றுதான் பலருக்கும் தோன்றும். விஷயம் பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. இருக்கிற பொருளையே குறைவாகப் போட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகவைப்பதும், செடி தானே எதிர்த்து நிற்க உதவுவதும்தான் இதில் உண்மையான லாபம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்களைத்தான் பொதுவாக நானோ துகள் என்கிறார்கள். இலைக்கருகல் பூஞ்சையின் வித்து, அதாவது காற்றிலும் மழைத்துளியிலும் பரவும் அந்த நுண்விதை, வாலோடு சேர்த்து ஒன்றரை லட்சம் நானோமீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். முளைத்து இலைக்குள் ஓடும் பூஞ்சை இழையின் தடிமன் சில ஆயிரம் நானோமீட்டர். கடையில் வாங்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளில் ஒரு துகளும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆயிரக்கணக்கான நானோமீட்டர். அப்படியானால் 50 நானோமீட்டர் துகள் பூஞ்சை இழைக்குப் பக்கத்தில் எவ்வளவு சின்னது என்று புரியும்.

சின்னதாவதால் என்ன பயன்? பரப்பளவு. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டிப் போட்டால், எடை கொஞ்சமும் கூடாமல், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட். கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைவதும் இந்தக் காரணத்தால்தான். மருந்து என்று வரும்போது, இலையையும் பூஞ்சையையும் தொடுவது துகளின் வெளிப்பரப்பு மட்டுமே. உள்ளே அடைபட்டிருக்கும் பொருள் வேலைக்கு வருவதில்லை. ஆகவே பரப்பு கூடினால் குறைந்த எடையே போதும்.

இனி செம்புக்கு வருவோம். பூஞ்சைக்கு எதிராக மனிதன் கண்டுபிடித்த மருந்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று செம்பு. பிரான்ஸின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துவிடாமல் இருக்க மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885-ல் அந்தக் கலவையை நோய்க்கு மருந்தாக வெளியிட்டார். இன்றைக்கும் 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்று நாம் கலக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை அதுதான்.

இலை ஈரத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அயனியாகும், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவாகும். முளைக்கத் தயாராகும் வித்து அந்த ஈரத்தை உறிஞ்சும்போது அயனியும் உள்ளே போய், உயிர்வேலைகளை நடத்தும் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரே இடத்தில் தாக்காமல் பல இடங்களில் தாக்குவதால் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொள்வதில்லை. நூற்று நாற்பது வருடமாக இது ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் செம்பு ஓர் உலோகம், மக்கி மறையாது. வருடக்கணக்கில் அடித்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் மண்ணில் அது தேங்கிவிட்டது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 7 வருடத்துக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அடிக்கும் செம்பைக் குறைக்க வேண்டும், நோயும் கட்டுப்பட வேண்டும். நானோ செம்பு மேல் ஆர்வம் வந்தது இந்த நெருக்கடியிலிருந்துதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. 1875-ல் தொடங்கிய நிலையம் அது. அங்கே வேட் எல்மர், ஜேசன் ஒயிட் இருவரும் தக்காளியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குறிவைத்தது இலைக்கருகலை இல்லை, வாடல் நோயை. வாடல் பூஞ்சை மண்ணில் இருந்துகொண்டு வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் தலை தொங்கும். தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும். இலையில் அடிப்பது பொதுவாக வேருக்குப் போகாது, மண்ணில் ஊற்றினால் சத்து மண்ணோடு பிணைந்து செடிக்குக் கிடைக்காது. வாடலை ரொம்பவும் சிக்கலான நோயாக்குவது இதுதான்.

செம்பு, மாங்கனீசு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் செடியின் எதிர்ப்புச் சக்திக்குத் தேவை என்பது முன்பே தெரிந்த விஷயம். அவற்றை நானோ அளவில் இலைமேல் தெளித்தால் வேர் வரை இறங்குமா என்று அவர்கள் சோதித்தார்கள். நட்ட பிறகு வாராவாரம் அடிக்கவில்லை, இளம் நாற்றிலேயே தெளித்துவிட்டார்கள். 2016-ல் வந்த முடிவுகளின்படி, மண்ணில்லா ஊடகத்தில் வாடல் பூஞ்சையோடு வளர்ந்த தக்காளியில், நானோ செம்பு ஆக்ஸைடு பட்ட செடிகளுக்கு நோய் 31% குறைந்தது. பசுமைக்குடிலில் வளர்த்த கத்தரியில் எடை 64% கூடி, நோய் அளவு 69% குறைந்திருந்தது. அந்தக் கத்தரியின் வேரில் 32% அதிகச் செம்பு இருந்தது. இலையில் போட்டது வேருக்கு இறங்கியிருக்கிறது!

இன்னொன்றையும் பார்த்தார்கள். அதே நானோ செம்பை ஆய்வகத் தட்டில் பூஞ்சையோடு சேர்த்து வளர்த்தபோது பூஞ்சை சாகவில்லை, வளர்ச்சியும் நிற்கவில்லை. தட்டில் ஒன்றும் செய்யாத பொருள் செடியில் எப்படி நோயைக் குறைத்தது? செடியின் தற்காப்பை அது தூண்டியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்த முடிவு.

இதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போகலாம். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகும் அல்லவா? அதைச் செய்வது பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. திசு கிழிபட்டதும் காயிலுள்ள ஃபீனால்களை இந்த நொதி குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் நுண்ணுயிர்களுக்கு ஆகாதவை. நமக்கு அது கறை, செடிக்கு அது காயத்தை அடைக்கும் ஏற்பாடு. அந்த நொதி வேலை செய்ய அதன் மையத்தில் செம்பு அணு இருந்தே ஆக வேண்டும். செம்புப் பற்றாக்குறை உள்ள வேரில் பூஞ்சை நுழையும்போது இந்த ஏற்பாடு மந்தமாக இருக்கும். செம்பு போய்ச் சேர்ந்த வேரில் அது வேகமெடுக்கும். பின்னால் இதே குழு தர்ப்பூசணியில் சோதித்தபோது, வாடல் பூஞ்சை இருந்த மண்ணில் நானோ செம்பு பெற்ற செடிகளின் வேரில் இந்த நொதிக்கான மரபணு கூடுதலாக இயங்கியதைக் கண்டார்கள். இங்கே நானோ செம்பு பூஞ்சைக்கொல்லி என்பதைவிட ஊட்டம் என்று சொல்வதுதான் பொருத்தம். நானோ என்றாலே கொல்லும் பொருள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஆராய்ச்சியையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கைட்டோசான். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதைக் காரத்தில் வேகவைத்துப் பக்குவப்படுத்தினால் கிடைப்பது கைட்டோசான். தூத்துக்குடி மாதிரி இறால் பதப்படுத்தும் ஊர்களில் இந்த ஓடு கழிவாகக் குவிகிறது, ஆகவே மூலப்பொருளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பூஞ்சையின் சுவரிலும் இதே கைட்டின்தான் இருக்கிறது. பூஞ்சை நுழையும்போது அதன் சுவரிலிருந்து உடையும் கைட்டின் துணுக்குகளைச் செடி அடையாளம் கண்டுகொள்ளும். "ஆள் வந்துவிட்டான்" என்று தற்காப்பைத் தொடங்கிவிடும். கைட்டோசான் தெளித்தால் பூஞ்சை வருவதற்கு முன்பே செடி உஷாராகிறது. போதாததற்குக் கைட்டோசானில் நேர்மின்னூட்டம் உண்டு. பூஞ்சையின் சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டும்போது சவ்வில் கசிவு ஏற்படுகிறது.

கைட்டோசானை லேசான அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தானாகவே நானோ உருண்டைகளாகத் திரளும். திரளும்போது செம்பையும் உள்ளே அடைத்துவிடலாம். உதய்ப்பூரில் உள்ள மகாராணா பிரதாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் இப்படித் தயாரித்த செம்பு-கைட்டோசான் துகளைத் தக்காளியில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். 0.12% கரைசலில், தொட்டிச் செடிகளில் இலைக்கருகலை 87.7 சதவீதமும் வாடலை 61.1 சதவீதமும் கட்டுப்படுத்தியது. தொட்டியில் கிடைத்த எண்கள் இவை. காற்றும் மழையும் கலவையான நோய்களும் உள்ள வயலில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இடையில் ஒன்று. நாற்றங்காலில் வரும் நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பிதியம் என்ற நுண்ணுயிரும், அடிச்சாம்பல், பின்பருவக் கருகல் போன்ற நோய்களை உண்டாக்குபவையும் உண்மையான பூஞ்சைகள் இல்லை. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அவற்றின் சுவர் முக்கியமாக செல்லுலோஸால் ஆனது. அதனால் மேலே சொன்ன கைட்டின் கதை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு நோய்க்குக் கேட்ட நானோ மருந்து எல்லா நோய்க்கும் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது வழியில் துகள் எதையும் கொல்லாது, எதையும் ஊட்டாது. வெறும் சுமைதாங்கி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் தலைமையிலான குழு உருவாக்கிய பயோகிளே இதற்கு நல்ல உதாரணம். பூஞ்சையின் முக்கியமான மரபணுக்களை வாயடைக்கவைக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளை இலைமேல் தெளிக்கலாம். ஆனால் வெயிலிலும் மழையிலும் சில நாளிலேயே அது சிதைந்துவிடும். நானோ தடிமனுள்ள களிமண் தகடுகளின் மேல் அதை ஏற்றினால் இலையில் ஒட்டிக்கொள்ளும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடும் ஈரமும் பட்டுத் தகடு மெல்லக் கரையக் கரைய ஆர்.என்.ஏ. வெளியே வரும். தக்காளியில் சாம்பல் பூஞ்சணத்தை எதிர்த்துச் சோதித்தபோது, வெறும் ஆர்.என்.ஏ. இலையை ஒரு வாரம் காத்தது, களிமண்ணோடு சேர்ந்தபோது மூன்று வாரம் காத்தது. பழத்தில் 5 நாளாக இருந்த காவல் 10 நாளானது. குறிவைத்த பூஞ்சையை மட்டும் பாதிக்கும், மிச்சமும் நிற்காது என்பதால் எதிர்காலத்தில் இந்த வழிக்குத்தான் அதிக இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். விலை மட்டும் இறங்க வேண்டும்.

வெள்ளி, துத்தநாக ஆக்ஸைடு, சிலிக்கா, கந்தகம் என்று இன்னும் பல உண்டு. துத்தநாகமும் செம்பு போல ஊட்டமாகவும் காவலாகவும் இருக்கும். சிலிக்கா இலைச் சுவரைக் கெட்டிப்படுத்தும். வெள்ளி பூஞ்சையை நன்றாகவே கொல்லும், ஆனால் மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் குளத்து மீன்களையும் அது விட்டுவைக்காது. செடிக்கு வெள்ளி எந்தச் சத்தும் இல்லை. சாப்பிடும் காய்கறிக்கு வெள்ளி வேண்டாம் என்பது என் கருத்து.

இணையத்தில் இன்னொன்று நிறைய வருகிறது. வேப்பிலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் ஊற்றி, கரைசல் பழுப்பானதும் "நானோ வெள்ளி தயார்" என்று காட்டும் காணொளிகள். நிறம் மாறுவது நிஜம், வெள்ளித் துகள் உருவானதற்கு அது அடையாளம்தான். ஆனால் அந்தத் துகள் 20 நானோமீட்டரா 200 நானோமீட்டரா, லிட்டருக்கு எவ்வளவு இருக்கிறது, மாறாத சில்வர் நைட்ரேட் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. அளவு தெரியாத மருந்தைத் தயவுசெய்து காய்கறி மேல் தெளிக்காதீர்கள்.

சரி, நல்ல துகளே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்த் தண்ணீர் ஒரு பெரிய பிரச்சினை. நானோ துகள்கள் ஒன்றையொன்று மின்னூட்டத்தால் தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதப்பவை. உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கூடிய போர்வெல் தண்ணீரில் அந்தத் தள்ளுவிசை குறைந்து, துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். சேர்ந்தபின் அது நானோ இல்லை, சாதாரணத் தூள்தான். கைட்டோசானுக்குக் காரத்தன்மையும் ஆகாது. கார அமில நிலை (pH) ஆறரையைத் தாண்டத் தாண்ட அதன் நேர்மின்னூட்டம் குறைந்துகொண்டே போகும், நம் போர்வெல்களில் எட்டு என்பது சகஜம். ஆய்வகத்தில் வாலைவடிநீரில் கிடைத்த பலன் தோட்டத்துத் தொட்டித் தண்ணீரில் கிடைக்காமல் போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாதுகாப்பையும் பேசிவிட வேண்டும். இவ்வளவு சின்னத் துகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலின் ஆழம் வரை போகும். உலர்ந்த தூளாக இருந்தால் ஆபத்து அதிகம், கரைசலாக வந்தால் குறைவு. தெளிக்கும்போது எழும் பனிப்புகையும் மூக்குக்குப் போகும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். அளவு மீறினால் நானோ செம்பு செடியையே கருக்கிவிடும். கீரை மாதிரி இலையையே சாப்பிடும் பயிரில் மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் நானோ வேளாண் இடுபொருள்களை எப்படி மதிப்பிட வேண்டும் என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பூஞ்சைக்கொல்லி என்று விற்கும் எந்தப் பொருளும், நானோவாக இருந்தாலும், 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவாகியிருக்க வேண்டும். நானோ யூரியா, நானோ டி.ஏ.பி. பாட்டில்கள் கடைகளில் பரவலாக இருப்பதால் ஒரு குழப்பம் நடக்கிறது. அவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும் உரங்கள். நோய்க்கு மருந்து இல்லை. கடைக்காரர் "இது நானோ, நோயும் வராது" என்று ஒரு பாட்டிலை நீட்டினால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பதிவு எண் இருக்கிறதா? நச்சுத்தன்மையைக் காட்டும் சாய்சதுர நிறக்குறி இருக்கிறதா? எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறதா? இவை இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையம் வழியாகக் கேட்கலாம்.

இந்தப் பட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், பதில் பழையதுதான். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி, பயிர்ச் சுழற்சி, அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவது, இலை நனையாத சொட்டுநீர், தேவைப்படும்போது பதிவான மருந்து. நானோ வந்தாலும் இவற்றின் மேல்தான் வரும், இவற்றுக்குப் பதிலாக வராது.

அப்புறம், அது முதலில் எங்கே வரும் என்பதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கனெக்டிகட்டில் தெளித்தது நாற்றில். நம் ஊரிலும் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் இப்போது பெரும்பாலும் குழித்தட்டு நாற்றாகத்தான் வயலுக்கு வருகின்றன. ஓர் ஏக்கருக்கான நாற்று முழுக்கச் சில பாய் அகலத்துக்குள் அடங்கிவிடும். அங்கே தெளிக்க மிகக் கொஞ்சம் மருந்து போதும், அதற்கு வேண்டிய நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கலாம், தெளிப்பவருக்குப் பயிற்சியும் கவசமும் கொடுக்கலாம். காய் வருவதற்கு இரண்டு மாதமாவது இருப்பதால் மிச்சம் பற்றிய பயமும் குறைவு. வயல் முழுக்க அடிக்கும் மருந்தாக வருவதற்கு முன் நாற்றுப்பண்ணையில் ஒருமுறை தெளிக்கும் ஊட்டமாக நானோ செம்பு வருமானால், வாடலால் திரும்பத் திரும்ப அடிபடும் கத்தரி விவசாயிக்கு அதுவே பெரிய உதவி.